பெரியாறு-வைகைப் பாசனத் திட்டம்

பெரியாறு-வைகைப் பாசனத் திட்டம் என்பது தமிழ்நாட்டின் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை மாவட்டங்களுக்கு நீர் வழங்கும் அரசுப் பாசனத் திட்டம் ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி அரபிக்கடலை நோக்கிப் பாயும் பெரியாற்றின் நீர் முல்லைப் பெரியாறு அணையில் தேக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகை ஆற்றுப் படுகைக்குத் திருப்பப்படுகிறது. 1895 ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசால் முடிக்கப்பட்ட இத்திட்டம், ஒரு படுகையின் நீரை மற்றொரு படுகைக்கு மாற்றுவதற்காக இந்தியாவில் அரசு செய்த தொடக்ககாலப் பெருமுதலீடுகளுள் ஒன்றாகும். 1959 இல் வைகை அணை இதனுடன் இணைந்தது.

மதுரை மாவட்டத்தில் இத்திட்டத்தின் முதன்மைக் கால்வாய் வாடிப்பட்டி, மதுரை வடக்கு, மேலூர் வட்டங்களின் வழியே செல்கிறது. மேலூர் வட்டத்தின் வடபகுதியில் உள்ள கொட்டாம்பட்டி வட்டாரம் இப்பாசனப் பரப்பின் விளிம்பில் அமைந்துள்ளது. எனவே இத்திட்டத்தின் பயன் எதுவரை செல்கிறது, எங்கே நிற்கிறது என்பதை அறிய இவ்வட்டாரம் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

முக்கிய விவரங்கள்

- முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட காலம்: 1887 – 1895
- அணையின் நீளம்: 1,200 அடி
- அணையின் உயரம்: அடித்தளத்திலிருந்து 176 அடி
- முழுக் கொள்ளளவு: 152 அடி நீர்மட்டத்தில் சுமார் 15.56 ஆயிரம் மில்லியன் கன அடி
- சுரங்கத்தின் நீளம்: 5,704 அடி
- வைகை அணை திறக்கப்பட்ட ஆண்டு: 1959
- வைகை அணையின் முழு நீர்மட்டம்: 71 அடி
- வைகை அணையின் கொள்ளளவு: சுமார் 6,091 மில்லியன் கன அடி
- பேரணைக்குக் கீழ் பாசனப் பரப்பு: 1,50,043 ஏக்கர்
- கம்பம் பள்ளத்தாக்கில் பாசனப் பரப்பு: 14,707 ஏக்கர்

பின்னணி

மதுரைச் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் மேற்குச் சரிவிலேயே பெய்துவிடுகிறது. சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழையே முதன்மையான நீர் ஆதாரம். அம்மழையும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடும். வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஆறாகும். இதனால் இப்பகுதி மக்கள் பழங்காலந்தொட்டு மழைநீரைக் கண்மாய்களில் தேக்கிப் பயிர் செய்து வந்தனர். ஒரு கண்மாய் நிறைந்து அதன் உபரி நீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குச் செல்லும் தொடர் அமைப்பு மேலூர்ப் பகுதியில் இன்றும் காணப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டில் இத்தொடர் முழுவதும் வறண்டுவிடும்.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மலைப்பகுதிக்கு ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தார். வழி இருப்பது அறியப்பட்ட போதிலும் செலவு மிகுதியால் முயற்சி கைவிடப்பட்டது.

1808 இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் பொறியாளர் திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாதது எனக் கருதினார். 1850 இல் சிறிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கிய முயற்சி காய்ச்சலாலும் தொழிலாளர் கூலிச் சிக்கலாலும் நின்றது. 1860களில் இராணுவப் பொறியாளர் ரைவ்ஸ் மண் அணை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தார். இதன்மேல் ஆலோசனைகள் நடந்துகொண்டிருந்த நிலையில் 1876 – 78 ஆம் ஆண்டுகளில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் குறிப்பிடும் இப்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னர் அமைக்கப்பட்ட பஞ்ச ஆணையம் 1880 இல் அளித்த அறிக்கை, பாசனப் பணிகளைப் பஞ்சத் தடுப்பு நடவடிக்கையாக வலியுறுத்தியது. 1882 இல் பெரியாற்றுத் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைத்தது. திருத்திய திட்டத்தையும் மதிப்பீட்டையும் தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

குத்தகை ஒப்பந்தம்

அணை அமையவிருந்த இடம் திருவிதாங்கூர் சமத்தானத்திற்கு உரியதாக இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரித்தானிய இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுகளுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. நீர்த்தேக்கத்திற்கான 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் குத்தகையாக முடிவு செய்யப்பட்டது.

கட்டுமானம்

1887 இல் பணி தொடங்கியது. அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டப்பட்ட ஈர்ப்பு வகை அணையாகும். அதாவது, நீரின் அழுத்தத்தை அணை தன் சொந்த எடையால் தாங்குகிறது. அடர்ந்த காட்டுக்குள் கட்டுமானப் பொருட்களைக் கொண்டு செல்லக் கம்பிவடப் பாதையும் பயன்படுத்தப்பட்டது. சென்னை பயனியர் படைப்பிரிவினரும் பல்லாயிரம் தொழிலாளர்களும் பணியில் ஈடுபட்டனர். கட்டுமானக் காலத்தில் நோயால் 483 பேர் இறந்ததாகப் பதிவு உள்ளது. 1895 அக்டோபர் 10 அன்று சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

நிதியும் வருவாயும்

திட்டத்திற்கு ஏறத்தாழ 81 இலட்சம் ரூபாய் செலவானது. ஆண்டுக் குத்தகையான 40,000 ரூபாய் இச்செலவில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்கு மட்டுமே. பணம் குறைந்தபோது பென்னிகுவிக் இங்கிலாந்திலுள்ள தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் கதை மக்களிடையே பரவலாக வழங்குகிறது. திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் ஏ. டி. மெக்கென்சி 1899 இல் வெளியிட்ட திட்ட வரலாறு, இதனைச் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறை அரசு நிதியில் நடத்திய பணியாகவே விவரிக்கிறது.

அக்கால அரசு பாசனப் பணிகளை இரு வகையாகப் பிரித்தது. முதலீட்டிற்கான வட்டியையாவது வருவாயாகத் திருப்பித் தரக்கூடியவை ஆக்கப் பணிகள் எனப்பட்டன. இவற்றிற்குக் கடன் நிதி பயன்படுத்தப்பட்டது. வருவாய் குறைவாயினும் பஞ்சத்தைத் தடுக்கக்கூடியவை காப்புப் பணிகள் எனப்பட்டன. நீர்த்தீர்வையும், நஞ்சையாக மாறிய நிலத்திலிருந்து கிடைக்கும் கூடுதல் வரியும் முதலீட்டின் பலனாகக் கணக்கிடப்பட்டன. நிலத்தின் விளைச்சல் உயர்வு, கூலி வேலை, உணவுப் பாதுகாப்பு ஆகியவை இக்கணக்கில் நேரடியாக இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பின் இப்பார்வை மாறியது. இந்தியாவின் பெரும்பாலான பாசனத் திட்டங்களைப் போலவே, உழவர்களிடமிருந்து பெறப்படும் நீர்த்தீர்வை பராமரிப்புச் செலவில் ஒரு சிறு பகுதியையே ஈடுசெய்கிறது. எஞ்சிய செலவு மாநில அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. ஆகவே கால்வாய் தூர்வாரலும் மதகுப் பழுதுபார்ப்பும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் நிதியைச் சார்ந்துள்ளன.

வைகை அணையும் விரிவாக்கமும்

பெரியாற்றிலிருந்து திருப்பப்படும் நீரையும் வைகையின் வெள்ள நீரையும் சமவெளிக்கு அருகில் தேக்கிவைக்கும் பொருட்டு ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை கட்டப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1959 சனவரியில் இது திறக்கப்பட்டது. 1957 முதல் 1962 வரை பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த பி. கக்கன், கொட்டாம்பட்டி வட்டாரத்தைச் சேர்ந்த தும்பைப்பட்டியில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1970களின் இறுதியிலும் 1980களிலும் உலக வங்கிக் குழுமத்தின் கடனுதவியுடன் கால்வாய்கள் இரண்டு கட்டங்களாக நவீனப்படுத்தப்பட்டன. மண் கால்வாய்களுக்குக் காங்கிரீட்டுத் தளமும் பக்கச்சுவரும் அமைத்துக் கசிவைக் குறைப்பதும், அவ்வாறு மிச்சமாகும் நீரைக் கொண்டு கூடுதல் நிலத்திற்குப் பாசனம் அளிப்பதும் இதன் நோக்கங்களாகும். கசிவு குறைவதால் கால்வாயின் கடைப்பகுதிக்கு நீர் விரைவாகச் சேரும். அதே வேளையில், மண் கால்வாயின் கசிவு நீரால் ஊறிய அருகிலுள்ள கிணறுகளில் நீர் குறையவும் வாய்ப்புண்டு. பாசனத் திட்டங்களின் செலவு - பயன் மதிப்பீட்டில் இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டியுள்ளது.

உசிலம்பட்டிப் பகுதிக்கு நீர் கொண்டு செல்லும் 58 கிராமக் கால்வாய் பிற்கால விரிவாக்கங்களுள் ஒன்று. வைகை அணையின் நீர்மட்டம் 67 அடிக்கு மேல் உயரும்போதே இக்கால்வாயில் நீர் செல்ல இயலும். நீண்ட காலம் நடைபெற்ற கட்டுமானத்திற்குப் பின் 2018 இல் இதில் வெள்ளோட்டம் விடப்பட்டது.

நீர் செல்லும் வழி

தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வெளிவரும் நீர் மலையிலிருந்து இறங்கி, கூடலூருக்கு அருகிலுள்ள லோயர் கேம்ப் என்னும் இடத்தை அடைகிறது. அங்கு 1950களின் இறுதியில் பெரியாறு நீர்மின் நிலையம் அமைக்கப்பட்டது. முதலில் பாசனத்திற்கு மட்டுமே ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்ததால், நீரை மின்னுற்பத்திக்குப் பயன்படுத்துவது குறித்துச் சென்னை மாகாணத்திற்கும் திருவிதாங்கூருக்கும் வழக்கு எழுந்தது. 1941 இல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி திருவிதாங்கூருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பின்னர் 1970 மே 29 அன்று தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட துணை ஒப்பந்தங்களின்படி மின்னுற்பத்தி உரிமை முறைப்படுத்தப்பட்டது. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை கேரளத்திற்கு அளிக்கப்பட்டது.

மின் நிலையத்தைக் கடந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்திற்குப் பாய்ந்து, முல்லைப் பெரியாறு என்னும் பெயரில் வைகையில் கலந்து, வைகை அணையை அடைகிறது. அணையிலிருந்து திறக்கப்படும் நீர் பேரணை என்னும் இடத்தில் கால்வாய்களுக்குப் பிரிக்கப்படுகிறது. பெரியாறு முதன்மைக் கால்வாய், திருமங்கலம் முதன்மைக் கால்வாய் ஆகியவை இங்கிருந்து தொடங்குகின்றன.

பாசனப் பரப்பு

பேரணைக்குக் கீழ் உள்ள பாசனப் பரப்பு இருபோகம், ஒருபோகம் என இரண்டாகப் பகுக்கப்பட்டுள்ளது. அழகர்கோவில் சாலையில் உள்ள கள்ளந்திரி இவ்விரண்டிற்கும் எல்லையாகும்.

- இருபோகம், கள்ளந்திரி வரை: 45,041 ஏக்கர் (நிலக்கோட்டை வட்டம் 1,797, வாடிப்பட்டி வட்டம் 16,452, மதுரை வடக்கு வட்டம் 26,792)
- ஒருபோகம், மேலூர்ப் பகுதி: 85,563 ஏக்கர்
- ஒருபோகம், திருமங்கலம் கால்வாய்: 19,439 ஏக்கர்

இருபோகப் பரப்பின் முதல் போகத்திற்கு, அணைகளில் போதிய நீர் இருப்பின், சூன் மாதத்தில் நீர் திறக்கப்படும். ஒருபோகப் பரப்பிற்கு வழக்கமாக செப்டம்பர் நடுவில் திறக்க வேண்டும். 2020களில் வெளியான அரசு உத்தரவுகளில் முதல் போகத்திற்கு 120 நாட்களுக்கு 6,739 மில்லியன் கன அடியும், ஒருபோகப் பரப்பான 1,05,002 ஏக்கருக்கு 120 நாட்களுக்கு 8,461 மில்லியன் கன அடியும் ஒதுக்கப்பட்டன. முதல் 45 நாட்கள் தொடர்ந்தும் (இருபோகத்திற்கு வினாடிக்கு 900 கன அடி, ஒருபோகத்திற்கு 1,130 கன அடி), எஞ்சிய 75 நாட்கள் முறை வைத்தும் நீர் விடப்படும்.

இந்த அளவுகளை நிலத்தின் மீது சமமாகப் பரப்பினால், இருபோக நிலத்திற்கு முதல் போகத்தில் மட்டும் சுமார் 3.4 அடி ஆழமும், ஒருபோக நிலத்திற்கு ஆண்டு முழுவதற்கும் சுமார் 1.85 அடி ஆழமும் கிடைக்கும். கால்வாய் இழப்பு இதில் கழிக்கப்படவில்லை. ஒருபோகப் பயிர் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வளர்வதால் குறையை மழை ஈடுசெய்யும் என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை. அம்மழை தவறினால் ஒருபோகப் பயிரே முதலில் பாதிக்கப்படும்.

மேலும், மேற்கூறிய இரண்டு ஒதுக்கீடுகளும் தனித்தனியே வைகை அணையின் முழுக் கொள்ளளவான 6,091 மில்லியன் கன அடியைவிட மிகுதியானவை. ஆகவே வைகை அணை நிறைந்திருந்தாலும், தொடர்ந்து பெரியாற்று நீர் வராவிடில் ஒரு பருவத்தை முடிக்க இயலாது.

கொட்டாம்பட்டிப் பகுதி

கொட்டாம்பட்டி, மதுரை - திருச்சிராப்பள்ளி தேசிய நெடுஞ்சாலையில் மேலூருக்கு வடக்கே அமைந்த ஊராகும். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் இதுவே. ஒன்றியத்தின் தென்பகுதி ஊர்கள் சில பெரியாற்று ஒருபோகப் பரப்பில் அடங்கும். பிற ஊர்கள் பெரும்பாலும் மழையால் நிறையும் கண்மாய்களையும் கிணறுகளையும் நம்பியுள்ளன.

இவ்வேறுபாட்டிற்கு நில அமைப்பு முதன்மைக் காரணம். பெரியாறு கால்வாய் நீரேற்றம் ஏதுமின்றி, சரிவினால் மட்டுமே ஓடுவது. கால்வாயின் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலத்திற்கே அதனால் பாசனம் அளிக்க இயலும். மேட்டு நிலத்திற்கு நீர் செல்ல வேண்டுமானால் நீரை இறைக்க வேண்டும், அல்லது கால்வாய் மேல்மட்டத்திலிருந்தே பிரிய வேண்டும். இரண்டும் கூடுதல் செலவுடையவை. அவ்வாறு நீட்டித்தாலும் புதிய நிலம் ஏற்கனவே பற்றாக்குறை உள்ள கடைமடையில் சேரும். எனவே ஓர் ஊருக்குக் கால்வாய் நீட்டிக்கப்படுவது அதற்கு முன்புள்ள ஊர்களின் பங்கையும் தொடும் வினாவாகிறது.

கடைமடைச் சிக்கல் கிளைக் கால்வாய்களிலும் உள்ளது. மடையின் தலைப்பகுதியில் உள்ள வயல்களுக்கு முதலில் நீர் பாய்கிறது. கால்வாயில் மண் மேடிட்டாலோ, மதகு பழுதடைந்தாலோ கடைசி வயல்களுக்கு நீர் சேர்வதில்லை. சிவகங்கை மாவட்டத்திற்குச் செல்லும் ஷீல்டு, லெசிஸ், 48 ஆம் மடை, கட்டாணிப்பட்டிக் கால்வாய்களில் உரிய நீர் வரவில்லை என்பது அம்மாவட்ட உழவர்களின் நெடுநாளைய முறையீடாகும்.

கால்வாய் எட்டாத ஊர்களில் அரசின் நீர் முதலீடு கண்மாய்களின் வழியே நடைபெறுகிறது. 2017 இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை 100 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் மீண்டும் தொடங்கியது. இதில் செலவின் ஒரு பகுதியைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்க வேண்டும். குடிமராமத்து என்பது கண்மாய், வாய்க்கால்களை ஊர் மக்களே கூடிப் பராமரித்த பழைய வழக்கமாகும். ஓர் அணையின் செலவுடன் ஒப்பிடுகையில் ஒரு கண்மாயைத் தூர்வாரும் செலவு மிகச் சிறியது. ஆயினும் வரத்துக் கால்வாய் சீராக்கப்படாமல் கண்மாய் மட்டும் ஆழப்படுத்தப்பட்டால் எதிர்பார்த்த பயன் கிடைப்பதில்லை.

அணை நீர்மட்டச் சிக்கல்

அணையின் உறுதி குறித்து எழுந்த ஐயத்தால் 1979 இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நடுவண் நீர் ஆணையத்தின் பரிந்துரைப்படி அணையின் மேல் காங்கிரீட்டு மூடி, எஃகு வட நங்கூரம், பின்புறக் காங்கிரீட்டுத் தாங்கல் ஆகிய வலுப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 2006 பிப்ரவரி 27 அன்று நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதே ஆண்டு கேரள அரசு தன் சட்டத்தைத் திருத்தி 136 அடி வரம்பை விதித்தது. நீதிபதி ஏ. எஸ். ஆனந்த் தலைமையிலான உயர்மட்டக் குழு 2012 இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 142 அடி வரை தேக்க அனுமதித்தது. அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர்மட்டம் 142 அடியை எட்டியது.

நூறாண்டைக் கடந்த அணையால் கீழ்ப்பகுதி மக்களுக்கு ஆபத்து உண்டு என்றும், புதிய அணை கட்ட வேண்டும் என்றும் கேரளம் கூறுகிறது. வலுப்படுத்தப்பட்ட அணை உறுதியாக உள்ளது என்றும், எஞ்சிய பணிகளை முடித்து 152 அடி வரை தேக்க வேண்டும் என்றும் தமிழ்நாடு கூறுகிறது. 104 அடிக்குக் கீழ் உள்ள நீர் சுரங்கத்திற்கு வராது என்பதால், மேல்மட்டத்தில் தேக்கப்படும் ஒவ்வோர் அடியும் பாசனத்திற்கு முக்கியமானது. 2021 இல் நிறைவேற்றப்பட்ட அணைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இத்தகைய அணைகளின் பாதுகாப்பு மேற்பார்வைக்குத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது.

குடிநீரும் பிற திட்டங்களும்

பாசனத்திற்காகத் தொடங்கப்பட்ட இத்திட்டம் இன்று மதுரை மாநகரின் முதன்மைக் குடிநீர் ஆதாரமாகவும் உள்ளது. வைகை அணையிலிருந்து பெறப்படும் நீருடன், லோயர் கேம்ப் பகுதியிலிருந்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் நீரைக் குழாய் வழியாக மதுரைக்குக் கொண்டுவரும் 1,295.76 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு 2020 திசம்பர் 4 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இது நடுவண் அரசின் அம்ருத் திட்ட நிதியுதவி பெறுவது. திறந்த ஆற்றிலும் கால்வாயிலும் ஏற்படும் இழப்பைக் குழாய் தவிர்க்கும். ஆற்றில் வரும் நீரின் அளவு குறையும் என்பது பள்ளத்தாக்கு உழவர்கள் எழுப்பிய ஐயம்.

காவிரியின் வெள்ள உபரி நீரைத் தெற்கே கொண்டுவரும் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்திற்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையிலிருந்து தொடங்கும் 262 கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு 14,400 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. பெரியாற்றுத் திட்டம் ஒரு மலையைக் கடந்தது. இத்திட்டம் பல மாவட்டங்களில் நிலம் கையகப்படுத்துதலைக் கடக்க வேண்டியுள்ளது. வெள்ளம் வரும் நாட்களில் மட்டுமே நீர் கிடைக்கும் என்பதால், அந்நீரைத் தேக்கிக்கொள்ளக் கண்மாய்களைச் சீராக வைத்திருப்பது இதற்கும் இன்றியமையாதது.

மேலாண்மை

அணைகளும் கால்வாய்களும் தமிழ்நாடு அரசின் நீர்வளத் துறையால் பராமரிக்கப்படுகின்றன. 2021 வரை இவை பொதுப்பணித் துறையின் கீழ் இருந்தன. முல்லைப் பெரியாறு அணை கேரள எல்லைக்குள் அமைந்திருப்பினும் அதன் இயக்கமும் பராமரிப்பும் தமிழ்நாட்டிடம் உள்ளன. உழவர் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 இன்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு, மடை அளவிலான நீர்ப் பங்கீட்டிலும் பராமரிப்பிலும் உழவர்களுக்குப் பங்கு அளிக்கப்பட்டுள்ளது.

நினைவுச் சின்னங்கள்

பென்னிகுவிக்கின் பிறந்த நாளான சனவரி 15 ஐத் தேனி மாவட்ட உழவர்கள் பொங்கலுடன் இணைத்துக் கொண்டாடுகின்றனர். லோயர் கேம்ப்பில் அவருக்கு அமைக்கப்பட்ட மணிமண்டபம் 2013 இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் தமிழ்நாடு அரசு அமைத்த அவரது சிலை 2022 இல் திறந்து வைக்கப்பட்டது. கட்டுமானத்தின்போது இறந்தோர் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் அணைக்கு வடக்கே உள்ளது.